கச்சான் வறுப்போம்; அதற்கு முன் பொறுக்குவோம்
(குழுவாகக் கூடிப் படிப்பதற்கான பாடம்)



திருகோணமலை மாவட்டத்தில் கச்சானை அறியாத வீடு கிடையாது. வெருகல் திருவிழாவுக்குப் போய் வருபவரிடமும் கோணேசர் கோயிலுக்குப் போய் வருபவரிடமும் வீட்டுப் பிள்ளைகள் முதலில் கேட்பது கச்சான் சரையைத்தான். பஸ் நிலையத்திலும் கடற்கரையிலும் தாச்சியைத் தட்டி ஓசை எழுப்பி விற்கும் கச்சான்காரரின் குரல் நம் காதுக்குப் பழகிய குரல். இவ்வளவு பழக்கமான ஒன்றுக்குப் பாடம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம்.

நாங்கள் கிராமங்களில் மாதர் குழுக்களோடு கச்சான் வறுத்துக் காட்டும்போது ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "கொஞ்சம் பூஞ்சணம் பிடிச்சிருக்கு. வறுத்தால் எல்லாம் செத்துப்போகும்தானே?" கேட்பவர்கள் பெரும்பாலும் தாய்மார். கையில் இருப்பதில் ஒரு பிடியைக்கூட எறிய மனம் வராதவர்கள். வீட்டையும் விதையையும் விட்டுவிட்டு ஓடி, நிவாரண அரிசியை அளந்து சமைத்த காலம் அவர்களுக்கு மறக்கவில்லை. அந்தக் கேள்வியை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் அதற்கு விடை "இல்லை" என்பதே. ஏன் இல்லை என்பதையும், நல்ல கச்சானை எப்படிப் பதமாக வறுப்பது என்பதையும் இப்பாடத்தில் பார்ப்போம்.

1. கச்சான் நமக்கு ஏன் முக்கியம்?

2006 ஆம் ஆண்டில் மூதூர் கிழக்கிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. ஈச்சிலம்பற்று மக்களிற் பலர் 2007 இல் திரும்பினர். ஆனால் சம்பூர்ப் பகுதி 2007 மே மாதத்தில் உயர் பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள குடும்பங்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை ஆகிய இடங்களில் ஆண்டுக்கணக்காகத் தங்கின. 2015 இலும் 2016 இலும் காணிகள் விடுவிக்கப்பட்ட பிறகுதான் அவர்கள் சொந்த மண்ணை மிதித்தார்கள். அப்போது காணி காடு பற்றிக் கிடந்தது. கிணறு தூர்ந்து கிடந்தது.

இப்படித் திரும்பி வருபவருக்கு வயலைத் திருத்தி நெல் போடும் வரை காத்திருக்க வசதி இருப்பதில்லை. மணற்பாங்கான மேட்டுக் காணியில், மூன்று அல்லது மூன்றரை மாதத்தில் பலன் தரும் பயிர் கச்சான். அவரை இனப் பயிரானதால் வேரிலுள்ள முடிச்சுகள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மண்ணுக்கும் சேர்க்கின்றன. செடியை மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடலாம். விளைச்சலில் ஒரு பங்கை விற்கலாம், ஒரு பங்கை விதைக்கு வைக்கலாம், ஒரு பங்கை வீட்டில் உண்ணலாம்.

உணவு என்ற வகையிலும் அது சிறியதல்ல. 100 கிராம் கச்சான் பருப்பில் ஏறக்குறைய 25 கிராம் புரதமும் 49 கிராம் கொழுப்பும் உண்டு. 560 கலோரிக்கு மேற்பட்ட சக்தி கிடைக்கிறது. பெரியவர் கையால் ஒரு பிடி என்பது சுமார் 30 கிராம். அந்த ஒரு பிடியில் 7 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. இறைச்சியும் மீனும் வாங்க முடியாத நாளில் இது பெரிய துணை.

1996 ஆம் ஆண்டில் பிரான்சைச் சேர்ந்த அந்திரே பிரியோன், மிஷெல் லெஸ்கான் என்ற இருவர் கச்சான் பசையோடு பால்மா, சீனி, எண்ணெய், உயிர்ச்சத்துகள் சேர்த்து, மெலிந்த குழந்தைகளுக்கென ஓர் உணவைத் தயாரித்தனர். பிளம்பிநட் என்பது அதன் பெயர். 92 கிராம் கொண்ட ஒரு பொதியில் 500 கலோரி சக்தி. ஆபிரிக்காவில் பஞ்சத்தால் வாடிய பிள்ளைகள் பலரை மருத்துவமனைக் கட்டிலில் கிடத்தாமல் வீட்டிலேயே தேற்ற அது உதவியது. அதன் அடிப்படைப் பொருள் நாம் சரையில் வாங்கும் இதே கச்சான்தான்.

2. கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களுக்குள் இறந்தன. எந்த நோய்க்கிருமியையும் காண முடியவில்லை. கடைசியில் தீவனத்தை ஆராய்ந்தார்கள். பிரேசில் நாட்டிலிருந்து வந்த கச்சான் புண்ணாக்கு அதில் கலந்திருந்தது. அந்தப் புண்ணாக்கில் அஸ்பர்ஜிலஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சணம் வளர்ந்து, ஒரு நஞ்சைச் சுரந்திருந்தது. பூஞ்சணத்தின் பெயரிலிருந்தே அந்த நஞ்சுக்கு அஃப்ளாடொக்சின் என்று பெயரிட்டார்கள்.

இந்த நஞ்சு முதலில் தாக்குவது ஈரலை. ஒரே தடவையில் மிக அதிகமாக உட்சென்றால் மஞ்சள் காமாலையும் மரணமும் ஏற்படலாம். 2004 இல் கென்யாவில் ஈரத்தோடு சேமித்த சோளத்தை உண்டு 317 பேர் நோயுற்றனர். அவர்களில் 125 பேர் இறந்தனர். சிறிது சிறிதாக நீண்ட காலம் உட்சென்றால் ஈரற் புற்றுநோய் வரும் வாய்ப்புக் கூடுகிறது. 'ஹெபரைற்றிஸ் பி' என்னும் ஈரல் அழற்சி உள்ளவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 1987 இல் இதை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களின் வரிசையில் வைத்தது.

இப்போது தாய்மாரின் கேள்விக்கு வருவோம். வறுக்கும்போது பூஞ்சணம் செத்துவிடுகிறது, அது உண்மை. ஆனால் பூஞ்சணம் வேறு, அது சுரந்துவிட்ட நஞ்சு வேறு. பாம்பை அடித்துக் கொன்றாலும் கடிபட்டவர் உடம்பில் ஏறிய விஷம் இறங்குவதில்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும். வறுக்கும் சூட்டில் நஞ்சின் ஒரு பகுதி குறையலாம், முற்றாக அழியாது. அவித்தாலும் அழியாது. கழுவினாலும் போகாது.

இன்னும் மூன்று செய்திகளை மனதில் வையுங்கள்.

(அ) நஞ்சுக்கு நிறமோ மணமோ கிடையாது. பச்சை அல்லது மஞ்சள் பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிந்தால் அது ஓர் எச்சரிக்கை. தெரியாவிட்டால் முழு நம்பிக்கை கொள்ளவும் முடியாது.

(ஆ) நஞ்சு ஒரு சாக்கிலுள்ள எல்லா மணிகளிலும் ஒரே அளவாகப் பரவியிருப்பதில்லை. சில மணிகளில் மிக அதிகமாக இருக்கும், பல மணிகளில் இருக்கவே இருக்காது. ஆகவே பழுதான மணிகளைக் கையால் பொறுக்கி நீக்கினால் நஞ்சின் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. ஏழைக்கும் கைவரக்கூடிய மருந்து இது.

(இ) மாட்டுக்குக் கொடுத்தால் பாலிலும் அது வரும். கோழிக்கும் தாராவுக்கும் போட்டால் அவை இறக்கலாம். செக்கில் ஆட்டினால் எண்ணெயில் ஒரு பங்கும் புண்ணாக்கில் பெரும் பங்கும் தங்கும். "மனிசர் தின்னாட்டி மாடு தின்னட்டும்" என்பது இவ்விடத்தில் பொருந்தாது.

3. வறுத்தல் தொடங்குவது தோட்டத்தில்

இந்தப் பூஞ்சணம் மண்ணிலேயே இருக்கிறது. அது கோதுக்குள் புக ஒரு காயம் வேண்டும், வளர ஈரம் வேண்டும். இரண்டையும் கொடுக்காமல் இருப்பதே நம் வேலை.

கிண்டும்போது: மண்வெட்டி பட்டு வெடித்த காய்களையும் கறையான் அரித்த காய்களையும் அந்த இடத்திலேயே தனியாகப் போடுங்கள். காலம் தப்பி நிலத்தில் விட்டுவைக்க வேண்டாம். முற்றிய கச்சானின் கோதை உடைத்தால் உட்புறம் கபிலமாக மாறியிருக்கும்.

உலர்த்தும்போது: கிண்டிய கச்சானில் நூற்றுக்கு நாற்பது பங்கு வரை ஈரம் இருக்கும். பருப்பில் அது 7 அல்லது 8 பங்குக்கு இறங்கினால்தான் சேமிக்கலாம். சிறுபோகக் கச்சானுக்குக் கச்சான் காற்றே உலர்த்தும் ஆள். காற்றுக்கும் காய்க்கும் நம் ஊரில் ஒரே பெயர் வாய்த்திருப்பது பொருத்தமே. சிக்கல் பெரும்போகத்தில்தான். ஐப்பசி, கார்த்திகையில் போட்டது தையிலும் மாசியிலும் கைக்கு வரும்போது மாரி மழை சில வேளை முடிந்திருக்காது. அப்போது கவனம் இருமடங்கு வேண்டும்.

வெறும் நிலத்தில் பரப்ப வேண்டாம். படங்கு, ஓலைப்பாய், சாக்கு எதுவானாலும் சரி. இரண்டு விரற்கடைக்கு மேல் தடிப்பாகப் பரப்பாமல், நாளுக்கு மூன்று நான்கு தரம் கிளறிவிடுங்கள். பொழுது சாய முன் அள்ளிக் கூரைக்குக் கீழ் வையுங்கள். இரவுப் பனியில் விட்டால் பகல் வெயிலின் பலன் போய்விடும். நல்ல வெயிலில் மூன்று முதல் ஐந்து நாள் பிடிக்கும். உறவினர் வளவில் ஒரு கொட்டிலில் இருப்பவருக்கு முற்றம் கிடைப்பது கடினம் என்பது எங்களுக்குத் தெரியும். நாலு கப்பு நட்டு, இடுப்பளவு உயரத்தில் கம்பு பரப்பி ஒரு பரண் கட்டினால், கீழிருந்தும் காற்றுப் படும், கோழியும் கிளறாது. அயலில் இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு பரணை முறைவைத்துப் பாவிக்கலாம்.

உலர்ந்ததா என்று பார்க்க மூன்று சோதனைகள்: காதருகே குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலக்க வேண்டும். பருப்பை விரலால் தேய்த்தால் செந்தோல் உரிய வேண்டும். பருப்பை மடித்தால் வளையாமல் 'டக்' என்று முறிய வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் இன்னொரு நாள் வெயில் தேவை.

சேமிக்கும்போது: கோதோடு வையுங்கள். கோதுதான் கச்சானின் இயற்கைப் பெட்டி. காற்றுப் போகும் சணல் சாக்கு நல்லது. சாக்கை நிலத்திலும் சுவரிலும் படாமல் பலகை அல்லது மரக்கட்டை மேல் அடுக்குங்கள். கூரை ஒழுக்கு சாக்கின் மேல் விழாத இடமா என்று மழைக்கு முன் பாருங்கள்.

4. பொறுக்குதல்: எங்கள் பாடம்

ஒரு மாரி முடிந்த கையோடு, பயிற்சி ஒன்றுக்காக நாங்கள் இரண்டு சாக்குக் கச்சான் வாங்கினோம். மேற்பகுதியில் கைவிட்டுப் பார்த்தோம், நன்றாகவே இருந்தது. அடிப்பகுதியைக் கொட்டிப் பார்க்கச் சோம்பல்பட்டோம். குழுவினர் வந்து காத்திருந்தார்கள், நேரமும் போய்க்கொண்டிருந்தது. நேரே கோதுடைத்து, வறுத்து, பொதி செய்துவிட்டோம். மாலையில் ஒரு பிள்ளை வாயில் போட்டு "கைக்குது" என்று துப்பியது. பொதிகளைப் பிரித்துப் பார்த்தபோது கறுத்த மணிகளும் சுருங்கிய மணிகளும் நல்லதோடு நல்லதாகக் கலந்து கிடந்தன. வறுத்த பின் எல்லாம் ஒரே நிறம், பிரிக்க வழியில்லை. அத்தனையையும் குழி வெட்டிப் புதைத்தோம். நல்ல மணிகளும் சேர்ந்தே போயின. ஒரு மணிநேரம் பொறுக்கியிருந்தால் ஒரு சிறு கிண்ணமளவே போயிருக்கும். எறிய மனமில்லாமல் அல்ல, பொறுக்க நேரமில்லை என்று நினைத்ததால் இரண்டு சாக்கை எறிந்தோம்.

அன்று தொடக்கம் எங்கள் ஒழுங்கு இதுதான்: பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் துணி விரித்த சுளகில், ஒரு தடவைக்கு ஒரு பிடி மட்டும் பரப்பிப் பொறுக்குவது. இரவில் விளக்கு வெளிச்சத்தில் பொறுக்குவதில்லை. கீழ்வருவனவற்றை நீக்குகிறோம்:

- பூஞ்சணம் பிடித்தவை, பச்சை, மஞ்சள் அல்லது கறுப்புப் புள்ளி உள்ளவை
- சுருங்கியவை, வற்றியவை
- நிறம் மாறியவை, செந்தோல் கறுத்தவை
- முளைவிட்டவை
- பூச்சி துளைத்தவை
- கோதுடைக்கும் முன்னரே வெடித்திருந்த காய்களின் பருப்பு

நம் கையால் கோதுடைக்கும்போது இரண்டாகப் பிளந்த நல்ல பருப்பைப் பொடிக்கும் சம்பலுக்கும் உடனே பாவிக்கலாம். நீக்கியவற்றை முற்றத்தில் வீசாதீர்கள், கோழி பொறுக்கும். ஆழக் குழி வெட்டிப் புதையுங்கள். சாக்கு முழுவதும் ஈர நாற்றமும் பூஞ்சணத் தூளுமாக இருந்தால் பொறுக்குவதில் பயனில்லை. அந்தச் சாக்கை விட்டுவிடுங்கள். அதை உதறும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். பெரியவரோ சிறியவரோ, உண்ணும்போது ஒரு மணி கைத்தால் விழுங்காமல் துப்பப் பழகவேண்டும். மரியாதைக்காக விழுங்க வேண்டியதில்லை.

5. வறுக்கும் முறைகள்

வறுக்கும்போது என்ன நடக்கிறது? முதலில் பருப்பில் மிச்சமுள்ள ஈரம் ஆவியாகிப் போகிறது. மொறுமொறுப்பு அதனால் வருகிறது. பருப்பின் சூடு 140 பாகை செல்சியசைக் கடக்கும்போது அதிலுள்ள புரதமும் சீனியும் ஒன்றோடொன்று கூடி நிறமும் மணமும் தருகின்றன. இன்னும் மேலே போனால் கருகிக் கைக்கும். ஆகவே வெளியே கருகாமல் உள்ளே வரை சூடு சமமாகப் போகச் செய்வதே வறுப்பவரின் கைத்திறன்.

(அ) மணலில் வறுத்தல் (கோதோடு)

தாச்சியின் அடி மட்டும் சுடும். மணலோ காயின் நாலு புறத்தையும் மூடிக்கொண்டு சூட்டைச் சமமாகக் கொடுக்கும். கச்சான்காரர் மணலை விடாததன் காரணம் இதுவே. ஆற்று மணலை அரிதட்டால் அரித்து, தெளிந்த தண்ணீர் வரும் வரை கழுவி, வெயிலில் உலர்த்தி எடுங்கள். கடற்கரை மணல் வேண்டாம். அதில் உப்பும் அழுக்கும் உண்டு. புல்மோட்டைப் பக்கத்துக் கரையோரக் கறுப்பு மணல் இல்மனைற்று முதலிய கனியங்கள் கொண்டது. தொழிற்சாலைக்கு உரிய அந்த மணலை அடுப்புக்குக் கொண்டுவர வேண்டாம்.

கச்சான் ஒரு பங்கென்றால் மணல் இரண்டு அல்லது மூன்று பங்கு. மணலைத் தாச்சியில் இட்டு நன்றாகச் சூடாக்குங்கள். நாலு நெல்மணியைப் போட்டால் பொரிய வேண்டும், அதுவே பதம். கச்சானைக் கொட்டி, தீயைக் கொஞ்சம் தணித்து, நிறுத்தாமல் அகப்பையால் அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். 15 முதல் 20 நிமிடம் செல்லும். பத்தாவது நிமிடத்திலிருந்து இடைக்கிடை ஒரு காயை உடைத்துப் பாருங்கள். பருப்பு இளம் பொன்னிறமாக வரும்போது உடனே அரிதட்டில் கொட்டி மணலைப் பிரியுங்கள். இறக்கிய பின்னும் உட்சூட்டால் பருப்பு சிறிது நேரம் வறுபடும். நீங்கள் விரும்பும் நிறம் வருவதற்கு ஒரு படி முன் இறக்குவதே கெட்டித்தனம். சூடாக இருக்கும்போது பருப்பு மெதுவாகத்தான் இருக்கும், ஆறினால்தான் மொறுமொறுக்கும். "இன்னும் வேகேல்லை" என்று எண்ணித் திரும்ப அடுப்பில் ஏற்றிக் கருக்கிவிடாதீர்கள்.

(ஆ) தாச்சியில் பருப்பாக வறுத்தல்

வீட்டுத் தேவைக்கு இது இலகு. அடி தடித்த தாச்சியோ மண்சட்டியோ எடுத்து, எண்ணெய் விடாமல், ஒரே படையாகப் பரவும் அளவுக்கு மட்டும் பருப்பைப் போடுங்கள். மெல்லிய தீயில் 10 முதல் 15 நிமிடம் கிளறுங்கள். தீ எரிந்தால் வெளிப்புறம் கறுத்து உள்ளே பச்சையாக நிற்கும். தோல் வெடித்து, மணம் எழுந்து, படபடவென்ற ஓசை குறையும்போது இறக்கிச் சுளகில் பரப்புங்கள். தாச்சியிலேயே விட்டால் கருகும். ஆறிய பின் கையால் கசக்கிப் புடைத்தால் தோல் பறந்துவிடும்.

(இ) உப்புக் கச்சான்

ஒரு லீற்றர் தண்ணீரில் 100 கிராம் உப்பைக் கரைத்து, பருப்பை ஐந்து நிமிடம் அமிழ்த்தி, வடித்து, நிழலில் அரைமணி நேரம் காயவிட்டு, பின் மேற்சொன்னபடி வறுங்கள். நனைத்ததை அன்றே வறுத்து முடிக்க வேண்டும். அடுத்த நாளுக்கு வைத்தால் பூஞ்சணத்துக்கு நாமே விருந்து வைத்தவர்கள் ஆவோம். இரத்த அழுத்தம் உள்ளவர் வீட்டில் உப்பில்லாமல் வறுப்பதே நன்று.

மரமுந்திரிகை பற்றி ஒரு சொல்: மரமுந்திரிகைக் கொட்டையின் ஓட்டிலுள்ள பால் தோலைப் பொசுக்கும், அதைச் சுடும் புகை கண்ணையும் நெஞ்சையும் தாக்கும். ஓட்டோடு சுடுவதானால் வீட்டுக்கு வெளியே, காற்று வீசும் திசைக்குப் புறம்பாக நின்று, பிள்ளைகளைத் தூர நிறுத்திச் செய்யுங்கள். ஓடு நீக்கிய பருப்பை மெல்லிய தீயில் நாலைந்து நிமிடம் வறுத்தால் போதும். கச்சானைவிட விரைவில் கருகும்.

6. வறுத்ததை வைத்துக் கொள்ளுதல்

வறுத்த கச்சானுக்கு எதிரி இரண்டு: ஈரமும் காற்றும். ஈரம் பட்டால் நமர்த்துப் போகும். காற்றும் வெளிச்சமும் பட்டால் எண்ணெய் கெட்டுச் சிக்கு மணம் வரும். முற்றாக ஆறிய பின்னரே மூடியுள்ள பேணியிலோ போத்தலிலோ நிறையப் போட்டு இறுக மூடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்க்கும். வீட்டுக்கு ஒரு கிழமைக்கு வேண்டியதை மட்டும் வறுங்கள். மிச்சத்தைக் கோதோடு விடுங்கள்.

7. சமையலில் கச்சான்

கச்சான் பொடி: வறுத்துத் தோல் நீக்கிய பருப்பை உரலில் மெதுவாக இடியுங்கள். வேகமாக இடித்தால் எண்ணெய் கசிந்து கட்டியாகும். தேங்காய் விலை ஏறியிருக்கும் நாட்களில் முருங்கையிலை வறைக்கும் பொன்னாங்காணி வறைக்கும் தேங்காய்ப்பூவில் பாதியைக் குறைத்து இரண்டு மேசைக்கரண்டி கச்சான் பொடி தூவலாம். அடுப்பிலிருந்து இறக்கும் தறுவாயில் தூவினால் மணம் நிற்கும்.

கச்சான் சம்பல்: ஒரு பிடி வறுத்த பருப்பு, இரண்டு செத்தல் மிளகாய், ஒரு பல்லு உள்ளி, கொஞ்சம் பழப்புளி, உப்பு. அம்மியில் மிளகாயையும் உப்பையும் முதலில் அரைத்து, பருப்பைக் கடைசியில் வைத்துக் கரகரப்பாக எடுங்கள். றொட்டிக்கும் பழஞ்சோற்றுக்கும் ஏற்றது.

கச்சான் உருண்டை: தோல் நீக்கிய பருப்பு 500 கிராம், சர்க்கரை 300 கிராம், தண்ணீர் கால் கோப்பை. பாகில் ஒரு துளியைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டால் கரையாமல் உருண்டு திரள வேண்டும். இறக்கிப் பருப்பைக் கொட்டிக் கிளறி, கையில் சிறிது அரிசிமா தொட்டுச் சூட்டோடு பிடியுங்கள். பாடசாலைப் பிள்ளைக்கு இடைவேளையில் ஓர் உருண்டை, கடைச் சிற்றுண்டியிலும் நல்லது.

பிள்ளைகளுக்கு: ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு முழுப் பருப்பைக் கொடுக்க வேண்டாம். மூச்சுக்குழலில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. நன்றாக அரைத்துக் குரக்கன் கூழிலோ பயற்றங் கஞ்சியிலோ ஒரு தேக்கரண்டி கலந்து கொடுங்கள். முதற்தடவை மிகச் சிறிதளவே கொடுத்துப் பாருங்கள். சிலருக்குக் கச்சான் ஒத்துக்கொள்ளாது. தோல் தடித்தல், உதடு வீங்குதல், வாந்தி, மூச்சிழுப்பு ஏதும் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மறுபடி கொடுக்க வேண்டாம்.

8. விற்பனைக்கு வறுப்பவர்களுக்கு

பச்சையாகச் சாக்கோடு கொடுத்தால் விலையை வாங்குபவர் தீர்மானிப்பார். வறுத்துச் சரையாக விற்றால் உழைப்பின் கூலியும் நம் கையில் நிற்கும். ஆனால் கணக்கை முதலில் போடுங்கள்.

நன்றாக உலர்ந்த 10 கிலோ கச்சானைக் கோதுடைத்தால் ஏறக்குறைய 7 கிலோ பருப்பு வரும். அதில் பழுதானது அரைக் கிலோ போனால் மிச்சம் ஆறரைக் கிலோ. வறுக்கும்போது ஈரம் போய் நிறை குறையும், தோலும் போகும். கடைசியில் சுமார் 6 கிலோ நிற்கும். 50 கிராம் வீதம் 120 சரை. இந்த 120 சரையின் விலையிலிருந்து கச்சானின் விலை, விறகு, உப்பு, பொதி, பஸ் கட்டணம் ஆகியவற்றைக் கழியுங்கள். உடைத்துப் பொறுக்கி வறுத்த மணித்தியாலங்களுக்கும் ஒரு கூலி போடுங்கள். பெண்கள் தம் உழைப்பைக் கணக்கில் எழுதாமல் விடுவதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். எழுதாத கூலி கிடைக்காத கூலி.

பொறுக்கியதால் போன அந்த அரைக் கிலோவை நட்டம் என்று எழுதாதீர்கள். அது வாங்குபவரின் நம்பிக்கைக்குக் கொடுத்த விலை. ஒரு கைத்த மணி ஒரு வாடிக்கையாளரைத் துரத்தும். திருவிழாக் காலத்தில் வருபவர் மறுமுறை வரமாட்டார் என்று எண்ணலாம். ஆனால் அந்தச் சரை போய்ச் சேர்வது ஒரு பிள்ளையின் கைக்கு. உலக உணவு நியமங்களை வகுக்கும் கோடெக்ஸ் ஆணைக்குழு, மேலும் பதனிடப்படும் கச்சானில் ஒரு கிலோவுக்கு 15 மைக்கிரோகிராம் அஃப்ளாடொக்சினுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. ஒரு கிராமைப் பத்து இலட்சம் பங்காக்கினால் ஒரு பங்கே ஒரு மைக்கிரோகிராம். இத்தனை சிறிய அளவை நம் கண்ணால் அளக்க முடியாது. உலர்த்தலும் பொறுக்கலும் மட்டுமே நம் கையில் உள்ள தராசு.

அச்சு மை படிந்த பழைய பத்திரிகைத் தாளைத் தவிர்த்து, சுத்தமான பொதியில் இட்டு, நிறையையும் வறுத்த திகதியையும் எழுதுங்கள். தொழிலாகத் தொடங்குமுன் உங்கள் பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்து ஆலோசனை பெறுங்கள். விதைக்கும் உலர்த்தலுக்கும் கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள்.

9. நினைவில் வைக்க

- வறுத்தல் நல்ல கச்சானைச் சுவையாக்கும். கெட்ட கச்சானை நல்லதாக்காது.
- மூன்று சோதனையிலும் தேறும் வரை உலர்த்துங்கள்.
- பகல் வெளிச்சத்தில், வறுக்கும் முன் பொறுக்குங்கள்.
- பழுதை மாட்டுக்கும் கோழிக்கும் செக்குக்கும் கொடாதீர்கள்; புதையுங்கள்.
- மெல்லிய தீ, இடைவிடாத கிளறல், ஒரு படி முன் இறக்கல்.
- கைத்தால் துப்புங்கள்.

10. கலந்துரையாட

1. சென்ற மாரியில் உங்கள் வீட்டில் கச்சானோ சோளமோ பூஞ்சணம் பிடித்ததா? ஈரம் எங்கிருந்து வந்தது?
2. பழுதானதை இதுவரை என்ன செய்தீர்கள்? இனி என்ன செய்வீர்கள்?
3. உங்கள் அயலில் எந்த மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு பரண் கட்டலாம்? யார் வளவில்?
4. குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு பிடி கச்சான் கொண்டுவந்து சுளகில் கொட்டிப் பொறுக்குங்கள். எத்தனை மணி கழிந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

நான்காவது கேள்வியைத் தயவுசெய்து வாயால் மட்டும் பேசி விட்டுவிடாதீர்கள், செய்து பாருங்கள். நாங்கள் செய்த குழுக்களில் கழிந்தது பெரும்பாலும் ஒரு சிரட்டைகூட நிறையவில்லை. எல்லாவற்றையும் இழந்து வந்தவர்களுக்கு அந்த அரைச் சிரட்டையை எறிவதும் வலிதான். ஆனால் இத்தனைக்கும் தப்பி வளர்த்தெடுத்த பிள்ளையின் ஈரலுக்கு முன் அது பெரிதல்ல. மிச்சம் சுளகு நிறைய இருக்கிறது. அதை அடுப்பில் ஏற்றுங்கள்.